காலி என்று எழுதிய எட்டு வீடுகள்

நம் வேலையில் யாரும் சாகமாட்டார்கள் என்று நினைத்துத்தான் நானும் இதில் சேர்ந்தேன். தெருப் பெயர், வீட்டு எண், மனை எண். பென்சில், ரப்பர், அளவுகோல். ஒரு எண் தவறினால் ஒரு கடிதம் தவறும், அவ்வளவுதான் என்று இருந்தேன். புதிதாக வந்திருக்கிற நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. நாற்பத்தைந்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்புகிறவன் அறிவுரை சொல்லக்கூடாது. நடந்ததைச் சொல்கிறேன். என்னைத் திட்டத் தோன்றினால் திட்டிக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஈப்போவில் தெருக்கள் பெயர் மாறிக்கொண்டிருந்தன. வெள்ளைக்காரன் பெயர் போய் மலாய் ஜாலான் வந்தது. கடிதம் பழைய பெயரில் வரும், பலகை புதிய பெயரில் நிற்கும், சீனக் கடைக்காரர்கள் அதே தெருவை மூன்றாவது ஒரு பெயரால் கூப்பிடுவார்கள். மூன்றையும் பிடித்து ஒரே அட்டையில் கட்டிப்போடுவது எங்கள் பிரிவின் வேலை. ஊருக்கு வெளியே இன்னொரு கூத்து. தோட்டங்கள் உடைந்துகொண்டிருந்தன. நேற்றுவரை ஒரே வேலிக்குள் இருந்த ரப்பர்த் தோட்டம் இன்றைக்கு ஏழு முதலாளிகளிடம் இருக்கும். தொழிலாளர் வரிசை வீடான லயம் யாருக்கு, குழாய் யாருக்கு, லயத்தில் படுத்திருக்கிற ஆள் யாருக்கு என்று ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அந்த வீடுகளையும் அட்டையில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது.

எனக்கு அப்போது முப்பது வயது. தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் கடிதம் மேலதிகாரியின் மேசைத் தட்டில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. எனக்கு ஒரு பெயர் இருந்தது: இவன் தாளில் கேள்விக்குறியே இருக்காது. சந்தேகமான வீட்டுக்கு நேராக ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பலாம் என்று விதி உண்டு. மற்றவர்களின் தாள்கள் கேள்விக்குறிகளால் கொக்கி கொக்கியாகத் தொங்கும். என்னுடையது துடைத்துவிட்ட தட்டு. மேலதிகாரி அதைத் தூக்கிக் காட்டி மற்றவர்களை வைவார். எனக்கு உள்ளுக்குள் இனிக்கும்.

அப்படித் துடைத்துவைத்த தாள்களில் ஒன்று, கோப்பெங்குக்கு அப்பால் இருந்த ஒரு தோட்டத்துடையது. அதன் பெயர் இப்போது வேண்டாம்.

ஒரே நாளில் மூன்று தோட்டங்கள் பார்த்தாக வேண்டும். இங்கே நான் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. மேட்டில் முப்பத்திரண்டு கதவுள்ள மேல் லயம். பள்ளத்தில் எட்டுக் கதவுள்ள கீழ் லயம். கீழ் லயத்துக்குப் பின்னால், வீட்டுக் கூரையைவிட உயரத்தில், கைவிடப்பட்ட ஈயலம்பக் குளம், ஈயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய தண்ணீர். மண்கரை ஒன்றுதான் அதைத் தாங்கி நின்றது. தோட்ட அலுவலகத்து வரைபடத்தில் ஒன்று முதல் நாற்பது வரை எண்கள். புதிய முதலாளி கொடுத்த பாரத்தில், அந்தப் படிவத்தில், கடைசி எட்டு வீட்டுக்கு நேராக, 'காலி'.

கீழே இறங்கிப் பார்த்தேன். பார்க்காமல் எழுதினேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. எட்டுக் கதவிலும் பூட்டு. கதவுக்கு மேலே சின்னத் தகரத் துண்டுகளில் எண்கள் ஆணியடித்திருந்தன. 87. 140. கடைசிக் கதவில் 212. நாற்பது வீட்டுத் தோட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு எங்கிருந்து வரும்? ஒரு வாசலில் அலுமினியச் சட்டி ஒன்று கவிழ்ந்திருந்தது. அதன் விளிம்பில் ஈரம். அதையும் பார்த்தேன்.

நோட்டுப் புத்தகத்தில் எண்களைக் குறித்துக்கொண்டேன். ஈப்போ திரும்பி, சுத்தத் தாள் எழுதும்போது அவற்றை ரப்பரால் அழித்தேன். பொருந்தாத எண். பூட்டிய கதவு. முதலாளியின் பாரம். மூன்றும் ஒரே பதிலைச் சொல்லும்போது கேள்விக்குறி எதற்கு? காலி என்று எழுதினேன். அழகான கையெழுத்து எனக்கு.

இதில் சொல்லக் கூசுகிற இடம் ஒன்று இருக்கிறது. நான் தோட்டத்தில் பிறந்தவன். விடியுமுன்னே பெரட்டு, அதாவது ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. பிறகு மரம் வெட்டு, பால் எடுப்பு, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப உச்சிப்பொழுது தாண்டும். அதுவரை லயத்துக் கதவு பூட்டித்தான் இருக்கும். பள்ளிவிட்டு வந்து, பூட்டிய கதவின் முன்னால் அம்மாவுக்காக எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன். அதே நான்தான் பத்து மணிப் பூட்டைப் பார்த்து ஆளில்லை என்று எழுதினேன். கால்சட்டைக்கு மடிப்புக் கலையாமல் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டிருந்தது எனக்கு.

நவம்பர் வந்தது. ஐந்து நாள் விடாத மழை. அலுவலகச் சுவரில் ஈரம் ஏறி, தாள்கள் விளிம்பில் சுருண்டன. ஆறாம் நாள் பிற்பகல் இரண்டரைக்குத் தொலைபேசி. எடுத்தவர் எங்கள் சீப் கிளார்க். யாழ்ப்பாணத்து வழி வந்தவர், அப்பா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம், காலணியில் சேறு பட்டு நான் பார்த்ததில்லை. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். குழலைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில இருந்து ஐசே. கோப்பெங் தாள் உம்மட தானே? வாரும், நீரே கதையும்."

மறுமுனையில் பொம்பா அதிகாரி, தீயணைப்புக்காரர். மலாயில் வேகமாகப் பேசினார். லம்பக் கரை கசிகிறதாம். ஆற்றோரத்தில் ஒரு மலாய்க் கிராமமும், கம்பம் என்பார்கள், மூழ்குகிறதாம். அவரிடம் இருப்பது ஒரே ஒரு லோரி. பின்னால் மூச்சு விடாமல் மழைச் சத்தம்.

"கரைக்குக் கீழே எட்டு வீடு. ஆடா ஓராங்? ஆள் இருக்கா இல்லையா? உன் பதிவைப் பார்த்துச் சொல். நீ சொல்கிற பக்கம்தான் லோரி போகும்."

அட்டையை இழுத்தேன். என் கையெழுத்து, வரிசை வரிசையாக, கண்ணாடி மாதிரி.

"கோசோங், துவான்," என்றேன். காலி, ஐயா.

"பாகுஸ்," என்றார். நல்லது. வைத்துவிட்டார்.

நான் அட்டையைத் திரும்பப் பெட்டியில் செருகினேன். சீப் கிளார்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக்குள் கால் வைத்தே அறியாத மனிதர். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், என்னை மடக்க இல்லை.

"நீர் அங்க எத்தினை மணிக்குப் போனனீர்?"

"பத்து இருக்கும் ஐயா."

"பத்து மணிக்குத் தோட்டத்துச் சனம் வீட்டிலயோ நிக்கும்?"

மழை நின்றுவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. நிற்கவில்லை. காதுதான் அடைத்துவிட்டது.

மேசை அறையைத் திறந்து பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அழித்த பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தேன். பென்சில் போன இடத்தில் தடம் இருந்தது. 87. 140. 212. சட்டி விளிம்பின் ஈரம் ஞாபகம் வந்தது. மழையே இல்லாத நாள் அது.

தொலைபேசியைச் சுழற்றினேன். இணைப்பு இல்லை. மறுபடி. மறுபடி. சீப் கிளார்க் குழலை என் கையிலிருந்து வாங்கினார்.

"நீர் போம். போனை நான் பாக்கிறன். பிழை எண்டு சொல்லேக்க உம்மட பேரையும் சொல்லவேணும். சொல்லட்டோ?"

"சொல்லுங்க ஐயா."

"மேல தட்டில உம்மட கடிதம் கிடக்கு."

"தெரியும் ஐயா."

"அப்ப ஓடும்."

தெற்கே போகும் சாலையில் என் பழைய மோட்டர் சைக்கிளை விரட்டினேன். சுண்ணாம்பு மலைகள் மேகத்துக்குள் போய்விட்டிருந்தன. எதிரே வந்த லோரிகளின் விளக்கு மட்டும் மஞ்சளாகக் கரைந்து வந்தது. சாலையோரக் கால்வாய்கள் தேநீர் நிறத்தில் பொங்கின. வழி நெடுக ஒரே கணக்கு. அந்தப் பூட்டுகள் வேலைக்குப் போனவர்களின் பூட்டு என்றால், இன்றைக்கு அவர்கள் எங்கே? மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. ஐந்து நாளாக வெட்டு இல்லை. எட்டு வீட்டுக்காரர்களும் வீட்டிலேயேதான் இருப்பார்கள்.

மேல் லயத்தில் மோட்டரைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆயாக் கொட்டகை வாசலில், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வள்ளியம்மா வாளியால் தண்ணீரை வாரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

"யக்கா, கீழ் லயத்துல ஆளு இருக்கா?"

"என்னா சார் கேள்வி இது? மழையில எங்க போவாங்க? எட்டு வூடும் ரொம்பிக் கெடக்கு லா." என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க அன்னிக்கு நோட்டு வச்சிக்கிட்டு வந்த சாருதானே? வந்தீங்க, ஒரு வார்த்த கேக்காம போயிட்டீங்க."

"அந்த நம்பருங்க..."

"அது அவங்க பழைய தோட்டத்து நம்பரு. அந்தத் தோட்டத்த வித்துட்டான், லயத்த இடிச்சிட்டான். வரும்போது கதவு மேல இருந்த தகரத்தப் பேத்து எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. ஐசி அட்டையில அந்த நம்பரு. புள்ளைங்க பள்ளிக்கூடத்துல அந்த நம்பரு. வுட்டுட்டு வந்தா, நீ யாருன்னு கேட்டா என்னத்தக் காட்டுறது?"

சறுக்கிக்கொண்டே இறங்கினோம், அவர் முன்னால், நான் பின்னால். கரையின் அடிவாரத்தில் நாலைந்து இடத்தில் தண்ணீர் வடிந்தது. லம்பத்தில் வேலை செய்த என் மாமா சொல்வார்: கசிகிற தண்ணி தெளிவா இருந்தா உக்காந்து பீடி பிடி; கலங்கி வந்தா செருப்பைக்கூடத் தேடாதே. வடிந்தது சிவப்பாக, கஞ்சிபோல் கெட்டியாக வந்தது.

நான் நினைத்திருந்தது என்னவென்றால், கத்தினால் ஓடிவிடுவார்கள் என்று.

"கரை ஒடையப் போவுது! எல்லாரும் மேல ஏறுங்க!"

ஒருவரும் அசையவில்லை. இரண்டாம் வாசலில் கைலியை மடித்துக் கட்டிய ஆள் ஒருவர் சாவகாசமாக எழுந்து நின்றார். பெயர் மாணிக்கம் என்று பிறகு தெரிந்தது.

"போன வருசமும் மொதலாளி ஆளு இதயேதான் சொன்னான். கரை ஒடையுது, ஓடுங்கன்னான். ரெண்டு குடும்பம் பயந்து மேல போச்சு. மறுநா வந்து பாத்தா கதவுல புதுப் பூட்டு. ஒரு வாரம் மல்லுக்கட்டித் தொறந்தோம். நீ யாரு, அவன் அனுப்புன ஆளா?"

"இல்லண்ணே. நான் அரசாங்கம். வீட்டு நம்பர் எழுதுற இலாகா."

"அப்படியா? அப்ப ஒங்க பட்டியல்ல எங்க வூடு இருக்கா?"

இருக்கு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்தில் நாக்கு அதற்குத்தான் புரண்டது. ஆனால் அவர் தாளைக் காட்டு என்பார். காட்ட முடியாத பொய் நேரத்தைத் தின்னும். அதையும் தாண்டி, அங்கே நின்றுகொண்டு இன்னொரு தவறான பதிவைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லண்ணே. எட்டு வீடும் காலின்னு எழுதியிருக்கு. நாந்தான் எழுதினேன். அதனாலதான் லோரி வரல. அதனாலதான் நான் வந்தேன்."

ஒரு கிழவர் சிரித்தார். சிரிப்பு வாசல் வாசலாகப் போனது.

"கேட்டியாடி தெய்வானை? நம்ம வூட்டுல ஆளே இல்லியாம். அப்ப அடுப்புல வேவுறது யாரு சோறு?"

"பேயி சோறு மாமா," என்று கடைசி வாசலிலிருந்து ஒரு பெண்குரல்.

மாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை. "எழுதி எங்கள ஒழிச்சதும் நீ. இப்ப வந்து கெளம்புங்கன்னு சொல்றதும் நீ. தண்ணி வந்து லயம் போயிட்டா, இங்க யாரு இருந்தான்னு கேப்பான். யாருமே இல்லன்னு ஒன் பட்டியல் சொல்லும். நாங்க எங்க போயி நிக்கிறது?"

சரியான கேள்வி. எனக்குப் பின்னால் கரை வடிந்துகொண்டே இருந்தது.

கடைசிக் கதவிலிருந்து அந்தப் பெண் வந்தாள். இருபது இருபத்தொன்று வயதிருக்கும். நெற்றியில் துணி கட்டியிருந்தாள், மார்போடு ஒரு துண்டுப் பொட்டலம், அதற்குள் பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தை. இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் வீட்டுக்காரி.

"நோட்டு கொண்டாந்திருக்கீங்கல்ல? எழுதுங்க. இங்க இன்னார் இருக்கோம்னு எழுதி, கையெழுத்துப் போடுங்க. எழுதின வூட்டுக்காரங்க ஏறிக்கிறோம்."

உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்திருப்பார்கள்: களத்தில் பாரம் இல்லாமல் பதிவு செய்யக்கூடாது, மேற்பார்வையாளர் இல்லாமல் கையெழுத்திடக்கூடாது. அங்கே எனக்கு இருந்த கேள்வி வேறு. எழுத எட்டு நிமிஷம் ஆகும். அந்த எட்டு நிமிஷம் கரை நிற்குமா? வாக்குவாதம் செய்தால் அதற்கு மேலும் ஆகும். தூக்கிக்கொண்டு ஓட எனக்கு இரண்டே கை. நோட்டைத் திறந்தேன். பேனா மை கரைந்தது. பென்சிலை எடுத்தேன்.

மாணிக்கம் கூரைத் தகரம் ஒன்றை என் தலைக்கு மேலே பிடித்தார். இந்த முறை எண்ணை மட்டும் எழுதவில்லை. முதலில் கரையைக் கோடாக இழுத்து, கீழே எட்டுக் கட்டம் போட்டேன். எந்தக் கதவு எங்கே நிற்கிறது என்று. கட்டத்துக்குள் தகரத்து எண். பக்கத்தில் குடும்பத் தலைவர், ஆட்கள் எத்தனை. முதல் வீடு முடிந்தது. "ஏறுங்க." ஏறினார்கள், கோழிக்கூடையும் சாமி படமுமாக. இரண்டாம் வீடு. "ஏறுங்க." வள்ளியம்மா மேலே நின்று கையைக் கொடுத்து இழுத்தார்.

நான்காம் வீட்டில் காலடி சில்லிட்டது. ஐந்தாம் வீட்டில் ஒரு கிழவர் தன் பேரை முழுக்கச் சொல்ல ஆரம்பித்தார். அப்பா பேர், அதற்கு முன் கப்பலில் வந்த தாத்தா பேர். "தாத்தா, ஒங்க பேரு போதும்." "எங்க போதும்? அரைகொறையா எழுதித்தானே இந்தக் கதி." எழுதினேன். அவசரத்தில் என் அழகான கையெழுத்து கோழிக் கிறுக்கலாகப் போனது. ஆறு. ஏழு. கரையில் ஒரு துண்டு, ஒரு பாய் அகலத்துக்கு, சத்தமே இல்லாமல் வழுக்கி விழுந்தது.

எட்டாம் வீடு. மழைக்கோட்டைக் கழற்றிக் குழந்தைமேல் போட்டேன்.

"பேரு தெய்வானை. வூட்டுக்காரரு லூமுட்டுக்கு வேலைக்குப் போயிருக்கு. அது பேரையும் போடுங்க. வந்து தேடும்லா. புள்ளைக்குப் பேரு இன்னும் வைக்கல."

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அவள் கதவுக்கு மேலே இருந்த தகரத்தைக் காட்டினாள். மாணிக்கம் மரம் வெட்டும் கத்தியை ஆணிக்கடியில் கொடுத்து நெம்பினார். வரவில்லை. இன்னொரு நெம்பு.

"வுடுண்ணே! நோட்டுல இருக்கு!" என்று கத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிறகு திரும்பி ஏறினாள்.

பாதி மேடு ஏறியிருப்போம். பின்னால் ஒரு சத்தம். இடியும் இல்லை, அலையும் இல்லை. பெரிய மிருகம் ஒன்று தொண்டையைச் செருமிய மாதிரி. திரும்பிப் பார்க்காதே என்று வள்ளியம்மா கத்தினார். எல்லாரும் பார்த்தோம். கூரைகள் ஒரே வரிசையாக, பெரட்டுக்கு நிற்கிற மாதிரி ஒழுங்காகக் கொஞ்ச தூரம் மிதந்து போயின. பிறகு வரிசை குலைந்தது. பிறகு சிவப்புத் தண்ணீர் மட்டும் இருந்தது.

ஆயாக் கொட்டகையில் வள்ளியம்மா பெரட்டுப் போட்டார். பேர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக 'இருக்கேன்' என்றார்கள். லூமுட்டுக்குப் போனவரை விட்டுவிட்டு, நான் நோட்டைப் பார்த்துக் கூட்டினேன். கூப்பிட்டு முடித்துவிட்டார்.

"நாப்பது," என்றார்.

என் நோட்டில் நாற்பத்தொன்று.

மறுபடி கூப்பிட்டார். மறுபடி நாற்பது. மாணிக்கம் மேட்டு விளிம்புக்கு ஓடினார். யாரோ ஓலமிட ஆரம்பித்தார்கள். விரலை ஒவ்வொரு வரியாக வைத்துக்கொண்டு வந்தேன். கடைசி வரி. பெயர் வைக்காத பிள்ளை.

"தெய்வானை, பொட்டலத்தத் தெறம்மா!"

திறந்தாள். அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. பெயர் இல்லாததால் யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். வள்ளியம்மா என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். "பேரு வச்சுத் தொலைங்கடி மொதல்ல!" என்றார், அழுதுகொண்டே.

அரை மணி கழித்துப் பொம்பா லோரி வந்தது. சீப் கிளார்க்குக்கு எப்படியோ இணைப்புக் கிடைத்திருக்கிறது. அதிகாரி தண்ணீரைப் பார்த்தார், கொட்டகை நிறைய ஆட்களைப் பார்த்தார், காலி என்று சொன்னது யார் என்று கேட்டார். கையைத் தூக்கினேன். நீளமாகப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். போர்வைகளை இறக்கச் சொன்னார்.

விசாரணை வந்தது. முதலாளி தரப்பு ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது: அந்த லயம் காலி, அரசாங்கப் பதிவே சாட்சி. அந்தச் சாட்சி நான் எழுதிய அட்டை. எதிரே இன்னொரு சாட்சி, என் கிறுக்கல் நோட்டு. இரண்டிலும் ஒரே கை. ஒன்று பொய்.

மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் இலாகாவின் மானம் இருந்தது.

"அட்டைதான் முறையான பதிவு. நோட்டு மழையில் நனைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்றால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? உன் கடிதத்தை இன்றைக்கே கையெழுத்திட்டு அனுப்புகிறேன்."

வெளியே வந்து சீப் கிளார்க்கின் தட்டச்சு மேசை அருகே நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தாளை உருளையில் ஏற்றி, கார்பன் வைத்து, காத்திருந்தார்.

"சொல்லும். என்ன அடிக்க?"

சொன்னேன். அட்டை பிழை. பத்து மணிக்குப் போய்ப் பூட்டைப் பார்த்து எழுதியது. பொருந்தாத எண்களை யாரையும் கேட்காமல் அழித்தது. நோட்டு சரி. அவர் அடித்தார். ஒரு இடத்தில்கூடத் திருத்தவில்லை. கடைசியில் மட்டும், "கையெழுத்தை வடிவாப் போடும். இது கனகாலம் நிக்கவேணும்," என்றார்.

நிரந்தரக் கடிதம் மூன்று வருஷம் தள்ளிப்போனது. நான் வாங்கிக்கொண்ட மூன்று வருஷம். அதைப் பற்றிப் புலம்ப வரவில்லை.

அடுத்த வருஷம் அந்தத் தாளைப் புதிதாக வரையும் முறை வந்தது. கீழ் லயம் இருந்த இடம் இப்போது குளம். நீல நிறம் தீட்டினேன். அதற்குள், நோட்டில் இருந்தபடியே, எட்டுக் கட்டம் போட்டேன். பக்கத்து மேசை வரைவாளன் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "என்னா மச்சான், மீனுக்குக் கடுதாசி போடப் போறியா?"

அந்த எட்டுக் குடும்பமும் மாற்று வீட்டுக்கு மனுப் போட வேண்டும். போட்டால் முதல் கேள்வி: முன்பு எங்கே குடியிருந்தாய், ஆதாரம்? ஆதாரம் அந்தத் தாளின் நகல். அதில் கட்டம் இல்லாவிட்டால் ஆள் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் சாவி கிடைத்த செய்தி வந்த பிறகு அந்தக் கட்டத்தை நானே அழித்தேன். மாணிக்கத்துக்கு இரண்டாம் வருஷம். பேர் நீளமான தாத்தாவின் குடும்பத்துக்கு ஐந்தாம் வருஷம், தாத்தா பார்க்கவில்லை. போன வருஷத்தோடு ஏழு கட்டம் போய்விட்டது.

ஒன்று மிச்சம். தெய்வானை இப்போது ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள், யாரோ வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறாள். சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற அடையாள அட்டை. மனு போகும், ஒரு கேள்வியோடு திரும்பும், மறுபடி போகும். ஒவ்வொரு முறையும் புதிய நகல் கேட்கிறார்கள். பழைய நகல் செல்லாது. அதற்காகக் கவுண்டருக்கு வருவாள், அரை நாள் லீவு போட்டுக்கொண்டு. சில வருஷமாக மகள் கூட வருகிறாள், அம்மாவைவிட உயரமாக. பேர் வைத்துவிட்டார்கள்.

"இன்னும் இருக்கா சார்?" என்பாள்.

"இருக்கும்மா."

உங்கள் மேசைக்குக் கணினி வந்துவிட்டது. நல்லது. எங்கள் கண் தவறவிட்டதையெல்லாம் அது பிடிக்கட்டும். கோப்பெங் தாளை அதில் ஏற்றும்போது அது நின்று கேட்கும்: நீர்நிலைக்குள் முகவரி இருக்க முடியாது, நீக்கவா? அதன்மேல் தவறில்லை, அது பூட்டிய கதவை மட்டும் பார்க்கிறது. நீக்காதீர்கள். அவளுக்குச் சாவி வரும்வரை.

அடுத்த முறை அவள் வரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். தாளை எடுத்து நகல் போட்டுக் கொடுங்கள். முத்திரை குத்தும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துக் குத்துங்கள். கட்டம் சின்னது. அதன்மேல் பட்டுவிடாமல், பக்கத்தில் தண்ணீரில் குத்துங்கள்.